இல்லிக்குடமும் நூற்குற்றமும்: கற்றல், கவனச் சிக்கலுடைய மாணவர் நோக்கில் அறிவியல் பாடத்தின் தமிழ்

ஆய்வுச் சுருக்கம்

கற்றல் குறைபாடும் கவனச் சிக்கலும் உடைய மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தைத் தகவமைத்தல் குறித்த பேச்சு, பெரும்பாலும் தேர்வுச் சலுகை என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. பாடம் எழுதப்பட்டுள்ள தமிழே அம்மாணவர்களுக்கு எவ்வகையில் தடையாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூல் பொதுப்பாயிரத்தின் மாணாக்கர் பாகுபாடும் நூற்குற்றம், நூலழகு பற்றிய கருத்துகளும் இதற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. சவ்வூடு பரவல் என்னும் பாடப்பொருள் எடுத்துக்காட்டாக அமைகிறது.

திறவுச் சொற்கள்: குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, கவனச் சிக்கல், செயல்நினைவு, அறிவியல் தமிழ், நன்னூல், பாடநூல் நடை, கலைச்சொல்.

முன்னுரை

பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறார். அன்னமும் ஆவும் தலைமாணாக்கருக்கு உவமைகள். மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. கடைமாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என நான்கு உவமைகள் தரப்படுகின்றன. வார்த்த நீரை ஓட்டை வழியே ஒழுகவிடும் குடம். ஒரு செடியில் நிலைத்து மேயாமல் செடிதோறும் வாய்வைத்துச் செல்லும் ஆடு. இவ்விரண்டையும் இன்றைய கல்வி உளவியல் படித்த ஒருவர் பார்த்தால் திடுக்கிடாமல் இருக்க முடியாது. கேட்டதைத் தக்கவைக்க இயலாமையும் ஒன்றில் கவனம் நிலைக்காமையும், நோய்ப்பெயர் ஏதுமின்றி, வகுப்பறையை நெருங்கி நோக்கிய ஒருவரின் கண்ணால் இங்குப் பதிவாகியுள்ளன.

நன்னூல் இத்துடன் நிற்கவில்லை. பாடம் சொல்லத் தகாதவர் யாவர் என ஒரு பட்டியலையும் தருகிறது. அப்பட்டியலில் கள்வனுக்கும் படிறனுக்கும் அருகிலேயே பிணியனும் மந்தனும் துயில்வோனும் நிற்கின்றனர். ஒழுக்கக் குறையும் உடல், உளக் குறையும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை 13ஆம் நூற்றாண்டுக்கு வியப்பன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. ஆனால் கதவைத் திறந்து உள்ளே அழைத்த மாணவரின் கையில் எந்த நூலைக் கொடுத்திருக்கிறோம்?

இவ்வினாவிற்கு விடைகாணும் கருவியும் அதே பாயிரத்தில்தான் உள்ளது. மாணாக்கர் குறையைச் சொன்ன நன்னூல், நூலின் குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் சொல்கிறது. பாடம் ஏறவில்லை என்றால் குடத்தின் ஓட்டையை மட்டும் தேடாமல், ஊற்றிய முறையையும் ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சான்று கிடைப்பது அரிது. இக்கட்டுரை முதற்பட்டியலை ஒதுக்கிவைத்து, இரண்டாம் பட்டியலைக் கையில் எடுக்கிறது.

பெயரிடலில் நேரும் பிழை

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்கிறது. அவற்றுள் ஒன்று குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிக்கல், எழுத்துச் சிக்கல், கணக்கீட்டுச் சிக்கல் முதலியவை இதனுள் அடங்கும். கவனக்குறைவும் மிகை இயக்கமும் இணைந்த நிலை அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. எனவே, வாசிக்க இயலாத மாணவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, வாசிப்பின் நடுவே கவனம் நழுவும் மாணவருக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. ஒரே மாணவரிடம் இரண்டும் சேர்ந்து காணப்படுவதும் உண்டு. சான்றிதழ் இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். பாடநூலின் பக்கத்திற்கு முன் இருவரும் ஒருவரே.

பள்ளி வழக்கில் இவ்விருவரையும் விழுங்கிவிடும் இன்னொரு சொல் இருக்கிறது: மெல்லக் கற்போர். கற்றல் குறைபாட்டின் வரையறையிலேயே அது பொது அறிவாற்றல் குறைவால் விளைவதன்று என்பது அடங்கியுள்ளது. மின்சுற்றைக் கையால் பிழையின்றி இணைத்துவிட்டு, அதைப் பற்றிய இரு வரிகளை எழுதத் திணறும் மாணவர் எப்பொருளில் மெல்லக் கற்கிறார்? அவருக்கெனப் பொதுத்தேர்வுக்கு முன் வழங்கப்படும் கையேடுகளில் குறுவினாக்களும் ஒரு வரி விடைகளும் மட்டுமே எஞ்சுகின்றன. 'ஏன்' என்று தொடங்கும் வினாக்களே முதலில் வெட்டப்படுகின்றன. வாசிப்பதில்தான் சிக்கல் என்றால் வாசிப்பின் சுமையைக் குறைக்க வேண்டும். இங்கோ அறிவியலைக் குறைத்துவிட்டு, மனப்பாடத்திற்கான வாசிப்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம். நன்னூல் கூறும் குற்றங்களுள் முதலாவதான குன்றக் கூறல் இதுவே. தகவமைத்தல் வேறு, தரம் தாழ்த்துதல் வேறு என்பதை இக்கட்டுரை முழுவதும் வற்புறுத்த வேண்டியிருப்பதற்குக் காரணம் இக்கையேடுகளே.

'எனப்படும்' என்று முடியும் வாக்கியம்

மேனிலைத் தொடக்க, உயர்நிலை வகுப்பு அறிவியல் உரைநடையில் வரையறை வாக்கியம் ஒரு குறிப்பிட்ட வடிவில் அமைகிறது. அவ்வடிவிற்கு மாதிரியாகப் பின்வரும் வாக்கியம் அமைத்துக்கொள்ளப்படுகிறது:

செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு அரைகடத்து சவ்வின் வழியாகக் கரைப்பான் மூலக்கூறுகள் இடம்பெயரும் நிகழ்வு சவ்வூடு பரவல் எனப்படும்.

இலக்கணப்படி இதில் பிழையில்லை. தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண் உண்டு. ஆனால் வாசிப்பவர் மனத்தில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். தமிழ் வினைமுடிவு மொழி. அடைகள் யாவும் பெயருக்கு முன்னே வந்து குவியும். மேற்கண்ட வாக்கியத்தில் எங்கிருந்து, எங்கே, எதன் வழியாக, எது, என்ன செய்கிறது என ஐந்து கூறுகளைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருந்த பிறகே, இவையெல்லாம் எதைப் பற்றியவை என்ற செய்தி வருகிறது. பெயர் தெரியாத ஒன்றின் பண்புகளை முதலில் அடுக்கி, பெயரை இறுதியில் சொல்வது விடுகதையின் உத்தி. விடுகதையில் அது சுவை. வரையறையில் அது சுமை.

பாட்லியும் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாடு இங்குத் துணைசெய்கிறது. வந்த செய்தியைத் தற்காலிகமாக ஏந்திக்கொண்டே அதன்மீது வேலையும் செய்யும் மனப்பகுதி செயல்நினைவு. அதன் கொள்ளளவு மிகச் சிறியது. வளர்ந்தோருக்கே ஏறத்தாழ நான்கு கூறுகள் என்பது நெல்சன் கோவன் 2001இல் தந்த மதிப்பீடு. எழுத்துகளை ஒலியாக்குவதிலேயே இக்கொள்ளளவின் பெரும்பகுதியைச் செலவிட நேரும் மாணவருக்கு, ஐந்தாம் கூறு வந்துசேர்வதற்குள் முதற்கூறு ஒழுகிவிடுகிறது. குடத்தில் ஓட்டை இருப்பது உண்மையாகவே இருக்கட்டும். ஒரே மூச்சில் ஐந்து குடம் நீரை ஊற்றியதும் உண்மையல்லவா?

இன்னொரு சிக்கலும் இங்கு உண்டு. சில நூல்கள் சவ்வூடு பரவலைச் செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு என விளக்கும். வேறு சில, நீரின் செறிவு மிகுந்த இடத்திலிருந்து நீரின் செறிவு குறைந்த இடத்திற்கு என விளக்கும். முன்னதில் செறிவு என்பது கரைபொருளினுடையது, பின்னதில் கரைப்பானுடையது. இரண்டும் சரி. ஆனால் வகுப்பில் ஒன்றையும் தனிப்பயிற்சியில் மற்றொன்றையும் கேட்கும் மாணவருக்கு இவை மாறுகொளக் கூறலாகவே தோன்றும். தேர்ந்த வாசகர் 'எதன் செறிவு' என்ற வினாவைத் தாமே எழுப்பி முரணைத் தீர்த்துக்கொள்வார். வாசிப்பில் தடுமாறுபவர், தமக்குத்தான் புரியவில்லை என்ற முடிவுக்கு வருவார். பிழை நூலின் மௌனத்தில் இருக்கிறது. பழி மாணவர்மேல் விழுகிறது.

இதே செய்தியைப் பின்வருமாறும் சொல்லலாம்:

இந்தச் சவ்வு நீரை விடும், உப்பை விடாது. சவ்வின் ஒரு பக்கம் உப்பு குறைவு. மறுபக்கம் உப்பு மிகுதி. உப்பு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்கிறது. இதன் பெயர் சவ்வூடு பரவல்.

ஐந்து சிறு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தன் பயனிலையோடு முடிகிறது. ஏந்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. எனினும் இதையும் குறைகூறாமல் விட முடியாது. உண்மையில் நீர் மூலக்கூறுகள் இரு திசையிலும் செல்கின்றன. உப்பு மிகுந்த பக்கம் நோக்கிச் செல்பவை மிகுதி என்பதே செய்தி. என் சுருக்கம் இந்நுட்பத்தை விழுங்கிவிட்டது. ஆகவே நான்காம் வாக்கியத்தை இரண்டாக்கி, 'நீர் இரு பக்கமும் போய்வருகிறது. ஆனால் உப்பு மிகுந்த பக்கத்திற்கே கூடுதலாகப் போகிறது' என எழுத வேண்டும். வாக்கியம் கூடியதேயன்றிச் சுமை கூடவில்லை. சுருங்கச் சொல்லல் என்னும் அழகைச் சொல் எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர்கள் இதனைக் கருத வேண்டும். சொல் மிகக் குறைந்த மூல வாக்கியமே மனத்திற்கு மிக நீண்டது.

கரைசல், கரைப்பான், கரைபொருள்

கலைச்சொற்களுக்கு வருவோம். மேற்கண்ட பாடத்தில் கரைசல், கரைப்பான், கரைபொருள் என மூன்று சொற்கள் அடுத்தடுத்து வரும். மூன்றும் ஒரே வடிவில் தொடங்குகின்றன. சொல்லின் முன்பகுதியைக் கண்டு எஞ்சியதை ஊகித்து வாசிப்பது வாசிப்புச் சிக்கல் உள்ளவர்களிடம் காணப்படும் பழக்கம். அவ்வாறு வாசிப்பவருக்கு இம்மூன்றும் ஒரு சொல்லே. வேகம், திசைவேகம், நேர்மின்வாய், எதிர்மின்வாய், ஆக்சிஜனேற்றம், ஆக்சிஜன் ஒடுக்கம் முதலியவையும் இத்தகையனவே. இவற்றுள் சிலவற்றில் வேறுபாடு சொல்லின் முற்பகுதியிலும் சிலவற்றில் பிற்பகுதியிலும் இருப்பதால் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது.

எழுத்து நிலையிலேயே தமிழ் வாசிப்புக்குத் தனியான கடினங்கள் உண்டு. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன் எழுதப்படுகிறது. ஒலிப்பிலோ மெய்யின் பின் வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்கின்றன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா போன்றவற்றையும் ணை, லை, ளை, னை போன்றவற்றையும் ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகார வடிவங்களின் பன்மை அப்படியே உள்ளது. கன்னடத்தில் எழுத்தறிவு பற்றி 2007இல் வெளியான சோனாலி நாக்கின் ஆய்வு, அசையெழுத்து முறையில் எழுத்துத் தொகுதி முழுவதையும் கைக்கொள்ளக் குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்புகளையும் கடந்த நீண்ட காலம் தேவைப்படுகிறது என்று காட்டியது. ஆங்கில வாசிப்புச் சிக்கலின் அறிகுறிகளை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்க் குழந்தையிடம் தேடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இது போதும். 'பி'யும் 'டி'யும் இடம்மாறித் தெரிவதே டிஸ்லெக்சியா என நம் இதழ்கள் இன்றும் எழுதுகின்றன. தமிழ்க் குழந்தைக்கு இடம்மாறுவது வேறு.

எனினும் கலைச்சொற்களைத் தடையாக மட்டும் காண்பது ஒருபக்கப் பார்வை. கரைப்பான் என்பதில் செய்வோனைக் குறிக்கும் ஈறு வெளிப்படை, கரைபொருள் வினைத்தொகை, கரைசல் தொழிலின் விளைவைக் குறிக்கும் பெயர். கரைப்பது, கரைவது, கரைந்து கிடைப்பது என்ற மூன்று பொருளும் சொல்லின் உறுப்புகளிலேயே உள்ளன. ஆங்கில வழியில் படிப்பவர் இச்சொற்களை இலத்தீன் வேர் அறியாமல் மனனம் செய்கிறார். தமிழ் மாணவருக்கு வேர் வீட்டில் புழங்கும் சொல். உப்பு கரைந்தது, சர்க்கரையைக் கரை என்பவை அவர் நாவில் உள்ளவை. பகுபத உறுப்பிலக்கணத்தைத் தமிழ் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகக் கற்பித்து, அறிவியல் வகுப்பில் அதை மறந்துவிடுகிறோம். சொல்லை 'கரை' என்ற இடத்தில் பிரித்து, ஈற்றை வேறு நிறத்தில் அச்சிட்டால், குழப்பத்திற்குக் காரணமான அதே ஒற்றுமை நினைவுக்குப் பிடிப்பாக மாறும். விளங்க வைத்தலுக்கு இதைவிடக் குறைந்த செலவில் வழி இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் 'அரைகடத்துச்சவ்வினூடாக' என்பதுபோல் சொற்களை ஒட்டி எழுதும் ஆர்வத்தை நம் நூலாசிரியர்கள் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். புணர்ச்சி தமிழின் அழகுதான். பதின்மூன்று எழுத்துகளுக்கு இடையில் ஒரு வெற்றிடமும் இல்லாத சொல் ஒரு மதில்.

பெட்டிச் செய்திகளும் ஆட்டின் மேய்ச்சலும்

2018-19 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அச்சமைப்பில் முந்தைய நூல்களைவிடப் பெரிதும் முன்னேறியவை. வண்ணப் படங்கள், விரைவுக் குறியீடுகள், செயல்பாட்டுப் பெட்டிகள், 'உங்களுக்குத் தெரியுமா?' என்னும் துணுக்குகள் யாவும் மாணவரை ஈர்க்கும் நல்லெண்ணத்தில் சேர்க்கப்பட்டவை. ஆயினும் கவனச் சிக்கல் உடையவரின் கண்ணுக்கு அப்பக்கம் எப்படித் தோன்றும்? ஹார்ப், மேயர் ஆகியோர் 1998இல் மின்னல் உருவாதல் பற்றிய பாடத்தைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளில், சுவையான ஆனால் மையக் கருத்திற்குத் தொடர்பற்ற துணுக்குகள் சேர்க்கப்பட்டபோது, மாணவர்கள் முதன்மைச் செய்தியைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். இயல்பான கவனமுள்ள கல்லூரி மாணவர்களிடமே கண்ட விளைவு இது. நம் நூலில் இதற்குப் பழைய பெயர் உண்டு: மற்றொன்று விரித்தல்.

ஆட்டின் உவமையை இங்குச் சற்றே நியாயப்படுத்தத் தோன்றுகிறது. செடிதோறும் மேயும் ஆடு பட்டினி கிடப்பதில்லை. மாலையில் வயிறு நிரம்பித்தான் பட்டிக்குத் திரும்புகிறது. கவனச் சிக்கல் என்பது கவனமே இல்லாமை அன்று, கவனத்தைச் செலுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் கட்டுப்பாட்டில் உள்ள சிக்கல். ஆகவே துணுக்குகளை எல்லாம் நீக்கிவிட்டு வறண்ட பத்திகளை மட்டும் தருவதும் தீர்வாகாது. ஒவ்வொரு செடியிலும் அதே தழை இருக்குமாறு அமைப்பதே வேண்டுவது. சவ்வூடு பரவல் பாடத்தின் பெட்டியில் உலர்திராட்சை நீரில் ஊறி உப்புவது இருக்கட்டும். வெள்ளரித் துண்டில் உப்புத் தூவினால் நீர் விடுவது இருக்கட்டும். ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்பது இருக்கட்டும். பெட்டிக்குப் பெட்டி தாவினாலும் மாணவர் ஒரே கருத்தையே மேய்வார்.

வாசிப்பே வாயிலாகும் வகுப்பறை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் தகவமைத்தலில் அனுபவம் அற்றவை அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஏணிப்படிகள், அட்டைகள் வழியே ஒவ்வொரு குழந்தையையும் அதன் வேகத்தில் நகரவிட்டது. அதற்கு மேலுள்ள வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியோ, மாணவர் தாமே பாடத்தை வாசித்துப் புதிய சொற்களை அடிக்கோடிட்டு மனவரைபடம் வரைய வேண்டும் என்றது. மனவரைபடம் வாசிப்புச் சிக்கல் உடையவருக்கு மிகவும் உதவும் கருவி. ஆனால் அதை அடைய மௌன வாசிப்பு என்னும் வாயிலைக் கடந்தாக வேண்டும். உதவியை மதிலுக்கு அப்பால் வைத்தது போன்றது இது. வரிசையை மாற்றி, முதலில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி நீர்மட்டம் உயர்வதைப் பார்க்கச் செய்து, பிறகு பேசச் செய்து, பிறகு படம் வரையச் செய்து, கடைசியில் வாசிக்கச் செய்தால், வாசிப்பு என்பது ஏற்கெனவே அறிந்ததை அடையாளம் காண்பதாகிவிடும். மொழிப்பாடத்திற்கு இல்லாத இந்த வாய்ப்பு அறிவியலுக்கு உண்டு. இங்கே பொருள் சொல்லுக்கு முன்னே வரலாம்.

தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் தரப்படுவது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை யாவும் ஆண்டின் கடைசி நாள்களில் வருபவை. ஆண்டு முழுதும் ஏறாத பாடத்தைக் கூடுதல் ஒரு மணி நேரத்தில் எழுத இயலாது. தமிழ் வாசிப்பில் சிக்கலுடைய ஒருவருக்கு மொழிப்பாட விலக்கு கிடைத்தாலும் அறிவியலும் சமூக அறிவியலும் அவர் முன் தமிழிலேயே விரிகின்றன என்பதையும் நோக்க வேண்டும்.

கூறியது கூறல்

நன்னூலை அளவுகோலாகக் கொள்ளும்போது ஓரிடத்தில் அது இடறுகிறது. கூறியது கூறலை அது குற்றமாக எண்ணுகிறது. செயல்நினைவு குறைந்த மாணவருக்கோ திரும்பக் கூறலே கைத்தாங்கல். ஆனால் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் அதே நூல், இரண்டாம் முறை கேட்டால் பிழை நீங்கும், மூன்றாம் முறை கேட்டால் எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்ற கருத்தை முன்வைக்கிறது. கொள்பவர் எவ்வகையில் கொள்வார் என்பதை அறிந்து கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியருக்கும் விதிக்கிறது. நூல் ஒருமுறை சொல்லும், ஆசிரியர் மும்முறை சொல்வார் என்ற வேலைப் பிரிவினை அன்று இருந்தது. ஐந்து பாடவேளைகளில் ஓர் அலகை முடிக்க வேண்டிய இன்றைய ஆசிரியரிடம் மூன்றாம் முறைக்கு நேரமில்லை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் ஒரு பள்ளியில் இருக்கும் நேரமும் குறைவு. எனவே அந்த மூன்றாம் முறையை நூலே ஏற்க வேண்டியுள்ளது: பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு படமாக, நடுவில் ஒரு செயலாக, இறுதியில் ஒரு சிறு வாக்கியமாக.

தமிழ்த்துறை ஆய்வேடுகள் பாடநூலை அணுகும்போது பெரும்பாலும் செய்யுள், உரைநடைப் பகுதிகளையே எடுத்துக்கொள்கின்றன. அறிவியல் பாடத்தின் தொடரமைப்பு கல்வியியலாருக்கு உரியது என விடப்படுகிறது; கல்வியியலார் அதை மொழியியலாருக்கு உரியது என விட்டுவிடுகின்றனர். 'எனப்படும்' என முடியும் ஒரு வரையறையையும் அதே செய்தியை ஐந்து வாக்கியங்களாகப் பிரித்த வடிவத்தையும் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் தனித்தனியே கொடுத்து, வாசிக்கச் செய்து, தம் சொற்களில் சொல்லக் கேட்டு, பொருள் எந்தச் சொல்லில் அறுந்தது எனக் குறித்துக்கொள்ள ஓர் ஆய்வாளருக்கு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் ஒரு பருவமும் போதும். அவ்வாறு குறிக்கும்போது சான்றிதழ் பெற்ற மாணவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் வகுப்பு முழுவதையும் கேட்க வேண்டும். பொருள் அறும் இடம் இருசாராருக்கும் ஒன்றாகவே இருந்தால், திருத்த வேண்டிய வாக்கியம் எது என்பது அப்போது தெரிந்துவிடும்.